நாங்க வாரோம்

பேசிக்கொண்டிருக்கிற ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, அப்ப நான் வாரேன்" என்று எழுந்தால் இன்றைக்கும் எனக்குப் பயம் வந்துவிடும். சொல்பவர் சிலிண்டர் போட வந்தவராக இருக்கலாம், பத்திரிகை வைக்க வந்த உறவுக்காரராக இருக்கலாம். அவர் தெருமுனையைத் தாண்டும்வரை நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன். என் வீட்டுக்காரருக்கு இது பெரிய வேடிக்கை. "போறவுகளப் பாத்து எதுக்குப் பயப்படுற? வாரவுகளப் பாத்துல்ல பயப்படணும்" என்று கேலி செய்வார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். கோம்பையில் ஒரு கல்யாண மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்கு அந்தச் சொல்லை நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்ன கதை அவருக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இருக்கிறார். நான் சேர்ந்த காற்றாலை நிறுவனத்தில் அவரை எல்லோரும் ஆலோசகர் என்று சொல்வோம். இது அவரைப் பற்றிய நினைவு.

வருடத்தில் பாதி நாள் சூரியனே எட்டிப் பார்க்காத குளிர் நாடு அவருடையது. கடலுக்குள்ளேயே காற்றாலை நட்டு வைத்திருக்கிறார்களாம். நிலக்கரியைக் குறைத்துக்கொண்டு காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்க நமக்குக் கடனும் தொழில்நுட்பமும் தருவதாக அவர்கள் அரசாங்கம் ஒப்புக்கொண்டிருந்தது. டெல்லியில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் மேசையில் வைத்துக் கைகுலுக்கிய படத்தை நானும் செய்தியில் பார்த்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் பக்கங்களுக்குள் எங்கேயோ ஒரு நிபந்தனை இருந்தது. மின்கம்பி எந்த ஊர்களின் மேல் போகிறதோ அந்த ஊர்க்காரர்களிடம் நேரில் போய்க் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டும். வாங்காமல் ஒரு மின்கோபுரம்கூட நடக்கூடாது. டெல்லியில் ஆரம்பித்த பேச்சு இப்படித்தான் கோம்பை மலையடிவாரத்துத் திராட்சைப் பந்தலில் வந்து நின்றது. அந்தச் சம்மதத்தை வாங்கத்தான் ஆலோசகர் வந்திருந்தார்.

நான் உத்தமபாளையத்துக்காரி. தேனியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். ஊர்ப் பேச்சும் தெரிய வேண்டும், ஆங்கிலமும் தெரிய வேண்டும், பெண்ணாகவும் இருந்தால் நல்லது என்று நிறுவனம் ஆள் தேடியபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். தலைகால் புரியாத சந்தோஷம் எனக்கு. ஆலோசகர் போகிற இடமெல்லாம் என்னைத் தோளோடு அணைத்து, "இது என் குரல்" என்று அறிமுகப்படுத்துவார். அதை நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்ததால் கூச்சமாக இருக்கும். அறுபதை நெருங்கியவர்; வெயிலில் கன்னம் இரண்டும் தக்காளிப்பழமாகிவிடும். டீக்கடையில் டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கடைக்காரருக்கு எத்தனை பிள்ளைகள், என்ன படிக்கிறார்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிருக்கும். மறுவாரம் அதே கடைக்குப் போனால் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். உண்மையாகவே காது கொடுத்துக் கேட்கிற மனிதர் அவர். இதைப் பின்னால் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கோம்பையில் திராட்சைக்காரர்களுக்காகப் பேசியவர் என் மாமா. ரத்த உறவு இல்லை. எங்கள் பக்கத்தில் எங்கள் முஸ்லிம் ஆட்களும் இந்துக்களும் மாமன் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அவர் மச்சான், அதனால் எனக்கு மாமா. நான் பாவாடை கட்டிய காலத்திலிருந்து என்னை மருமகளே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மூன்று ஏக்கரில் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, மேலே இரும்புக் கம்பி பின்னிய பந்தல். நிறுவனம் போட்டிருந்த வரைபடத்தில் உயர் அழுத்தக் கம்பி நேராக அந்தப் பந்தல்களின் மேலே போனது. "மேல அம்புட்டு கரண்டு ஓடுனா கீழ நம்ம பந்தக் கம்பி சும்மா இருக்குமா மருமகளே? மழை பெஞ்ச ஈரத்துல பொம்பளையாளுக பழம் வெட்டக் கையத் தூக்குவாளுக. சுர்ருன்னு புடிச்சா யாரு பொறுப்பு?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார். காற்றாலை வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மேற்கே ஓடைக்கரையை ஒட்டிச் சுற்றிக் கொண்டுபோங்கள் என்பதுதான் அவர்கள் கேட்டது. பயமும் நியாயமானது, கேட்டதும் நியாயமானது.

கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஆனி மாதக் காற்று ஜன்னல் கதவுகளைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. மாமாவோடு நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். ஆலோசகர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். புகை இல்லாத மின்சாரம், பிள்ளைகளின் எதிர்காலம், இரண்டு நாடுகளின் நட்பு. கடைசியில் முன்னால் குனிந்து, கண்ணில் அவ்வளவு நம்பிக்கையோடு, "இந்தப் பயணத்தில் எங்களோடு வருகிறீர்களா?" என்று கேட்டார். இதற்குச் சம்மதமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். வார்த்தை அழகாக இருக்கிறதே என்று, "எங்ககூட வாரீகளா?" என்று அப்படியே கேட்டுவைத்தேன். மாமா திருப்பிக் கேட்டது வேறு. "கம்பி ஓடைப் பக்கமாப் போகுமா போகாதா? அத மட்டும் கேட்டுச் சொல்லு" என்றார். கேட்டேன். பாதை ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஆனாலும் பரிசீலிக்கச் சொல்கிறேன் என்றார் ஆலோசகர். அதைத் தமிழில் சொன்னேன். மாமா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரி மருமகளே. அப்ப நாங்க வாரோம்."

கூட வந்தவர்கள் எல்லோரும் எழுந்தார்கள். ஆலோசகர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றரை மணி நேரமாகப் பேசிப் பேசி என் நாக்கு தானாக ஓடிக்கொண்டிருந்தது. "ஓகே. வீ ஆர் கமிங்" என்றேன்.

எங்களோடு வருகிறீர்களா என்று கேட்டவருக்கு, சரி, வருகிறோம் என்ற பதில் கிடைத்துவிட்டது. அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கவே மாட்டேன். ஓடிப்போய் மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். விடைபெறும்போது கை கொடுப்பது அவர்கள் பழக்கம் போலிருக்கிறது என்று மாமாவும் சிரித்துக்கொண்டே கையைக் குலுக்கினார். கோபமாக எழுந்து போனாலும் 'போறோம்' என்று சொல்ல நம் வாயில் வராது. எழவு வீட்டைத் தவிர எங்கே இருந்து கிளம்பினாலும் 'வாரோம்'தான். அது அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். சொல்லி வாய் மூடுவதற்குள் தெரிந்துவிட்டது. புகைப்படக்காரர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தமிழ் தெரியாத நிறுவன மேலாளர் கைதட்டினார். இப்போது எழுந்து நின்று, ஐயோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். காரில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காரில் அவர் தன் ஊர்ப் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளை என்பது எனக்கு எட்டு நாள் ஆனது; அந்த எட்டு நாளும் நான் சோறு தின்றது பேருக்குத்தான். பயந்தாங்கொள்ளி என்று பிள்ளைகளைத் திட்டுகிற வாத்தியார் நான்.

எட்டாம் நாள் பேப்பரில் படம் வந்தது. ஆலோசகரும் மாமாவும் கைபிடித்துச் சிரிக்கிறார்கள். கீழே, கோம்பை விவசாயிகள் சம்மதம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அன்றைக்கே சர்வேக்காரர்கள் வந்து பந்தல்களுக்குள் சிவப்புப் பெயிண்ட் அடித்த கற்களை நட்டார்கள். ஊர் என்ன நினைக்கும்? மாமா எல்லோரையும் விற்றுவிட்டார் என்று நினைத்தது. மண்டபத்துக்கு அவரோடு வந்தவர்களே, நம்மை முன்னால் அனுப்பிவிட்டு அந்தம்மாவோடு தனியாகப் பேசி முடித்துவிட்டார் போல என்று சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். பேச்சு பக்கத்து ஊரான அனுமந்தன்பட்டி வரைக்கும் போய்விட்டதாக என் அத்தா சொன்னார். அவர் என்னைப் பார்த்துச் சொன்னபோது நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இரண்டு நாள் கழித்து மாமாவே போனில் கூப்பிட்டார். "ஆத்தா, கொஞ்சம் இங்கன வந்துட்டுப் போ" என்றார். மருமகளே என்று சொல்லவில்லை. குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. பஸ் ஏறிப் போனேன்.

தோட்டத்தில் நுழையும்போதே தெரிந்தது. மூன்று வரிசைக் கொடிகள் வாடிக் கிடந்தன. பந்தலின் மேலே இலைகள் சுருண்டு, சிவக்கத் தொடங்கியிருந்த கொத்துகள் தோல் சுருங்கித் தொங்கின. பதினான்கு வருடத்துக் கொடிகள் அவை. ஒவ்வொன்றையும் அடியில் முழங்கால் உயரத்தில் நறுக்கியிருந்தார்கள். அத்தை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு வெட்டை விரலால் தடவிக் காட்டினார். "வெட்டு எப்பிடிச் சாய்வா சுத்தமா இருக்கு பாத்தியா? அருவா இல்ல, கொடி கழிக்கிற பெரிய கவாத்துக் கத்திரி. கவாத்துத் தெரிஞ்ச கைதான் இப்பிடி வெட்டும். வெளியாளு இல்ல ஆத்தா. என்கூட உக்காந்து காப்பித்தண்ணி குடிச்சவன்தான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கு நான் என்னத்தச் சொன்னேன்? ஒனக்குத் தெரியும்ல. இன்னைக்குக் கூட்டம் போட்டுருக்காக. நீ வந்து சொல்லு. ஒன் வாயால வந்தாத்தான் ஊரு நம்பும். இல்லாட்டி அடுத்து கொடியோட விடமாட்டாக."

அந்தக் கடைசி வார்த்தையில் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர்கள் மகன் தினமும் மோட்டார் சைக்கிளில் தேனிக்கு வேலைக்குப் போய்வருகிறவன். அத்தை எதை நினைத்துப் பயப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது. எனக்கோ அதோடு இன்னொரு பயம். உண்மையை நான் சொன்னால், அந்தக் கத்திரி வைத்திருக்கிற கை யார் பக்கம் திரும்பும்?

சாயங்காலம் மண்டபத்துக்கு முன்னால் ஊரே நின்றது. போதாத காலம், வேலை தொடங்குவதற்கு வாழ்த்துச் சொல்ல ஆலோசகரையும் மேலாளர் அன்றைக்கே அழைத்து வந்திருந்தார். ஆலோசகர் கையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு வாங்கிய மிட்டாய்ப் பெட்டி. என்னைக் கண்டதும் வழக்கம்போல வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். ஏன் எல்லோரும் இப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மாமா கூட்டத்துக்கு நடுவே வந்துவிட்டார். "நான் யாருக்கும் ஒப்புதல் குடுக்கல. என் மருமக அங்கனதான் இருந்தா. அவளே சொல்லட்டும், நான் என்ன சொன்னேன்னு."

முந்நூறு கண்களாவது இருக்கும். "நாங்க வாரோம்னு சொன்னாக" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு தாயி" என்று யாரோ கத்தினார்கள். "வாரோம்னுதான் சொன்னாக. சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

முன்வரிசையில் ஒரு கிழவர் பொக்கை வாயால் சிரித்துவிட்டார். "ஏலே, வாரோம்னா கெளம்புறோம்டா! அதுவா சம்மதம்?" கூட்டம் முழுக்கச் சிரிப்பு பரவியது. அன்றைக்கு மாமாவோடு எழுந்து வந்த இரண்டு பேர், ஆமாம், எங்கள் காதிலும் அதுதான் விழுந்தது என்றார்கள். மாமா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அழுதிருப்பார் என்று நினைக்கிறேன். நான் மூச்சு விட்டேன். அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

"அப்ப சம்மதம்னு பேப்பர்ல எப்பிடி வந்துச்சு? அந்தம்மாவுக்கு மாத்திச் சொன்னது யாரு?" பின்னாலிருந்து ஒரு குரல். ஆள் தெரியவில்லை.

சிரிப்பு நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், மாமாவும் பார்த்தார். கேட்டவனின் கையில் கத்திரி இருக்கிறதா என்று என் கண் தேடியது. பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் தேடியது. ஆலோசகருக்கு இடது காது சரியாகக் கேட்காது. கருவி மாட்டியிருப்பார், என்னை எப்போதும் வலது பக்கமாகவே நிற்க வைப்பார். நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அது என் வாயில் எப்படி வந்தது என்று கேட்டால், நான் யோசித்துச் சொல்லவில்லை. "நான் சரியாத்தான் சொன்னேன். அந்தம்மாவுக்குக் காது மந்தம். அவுகதான் தப்பா வெளங்கிக்கிட்டாக."

கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. காது கேக்காதவளையா அனுப்பி வச்சாங்க, எங்க உசுரு ஒனக்கு வெளையாட்டா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒரு மண்கட்டி வந்து காரின் முன்கண்ணாடியில் விழுந்து சிதறியது. அடுத்தது அவர் தோளில் பட்டது. மிட்டாய்ப் பெட்டி கீழே விழுந்தது. மேலாளர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. ஆலோசகர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அது என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து மறைக்கிற பிடியாகத்தான் இருந்தது. என்ன ஆயிற்று, நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். "மிஸ்அண்டர்ஸ்டேண்டிங்" என்றேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவர்கள் சம்மதம் சொல்லவில்லை, விடைபெற்றுக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் தன் இடது காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பி ஒரு வாக்கியம் சொன்னார். இதை அவர்களிடம் சொல், சரியாகச் சொல் என்றார்.

சொன்னேன். "தப்பு முழுக்க எம்மேலதான், என்னைய மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாக." அன்றைக்கு நான் ஒரு சொல்கூட மாற்றாமல் மொழிபெயர்த்த வாக்கியம் அது ஒன்றுதான். மாமாதான் முதலில் கையைத் தூக்கிக் கூட்டத்தை அடக்கினார். "விடுங்கடா, அந்தம்மா கையெடுத்துக் கும்புட்டிருச்சு." வழி விட்டார்கள். கார் நகர்ந்தபோது ஆலோசகர் மிட்டாய்ப் பெட்டியை மறந்துவிட்டதைப் பார்த்தேன், நான் அதை எடுக்க இறங்கவில்லை.

சம்மதம் செல்லாது என்று ஆலோசகரே தன் அரசாங்கத்துக்கு எழுதினார். பாதையை மாற்றினால்தான் கடன் என்றும் எழுதினார். மூன்றே மாதத்தில் வரைபடம் மாறியது; கம்பி ஓடைக்கரை ஓரமாகச் சுற்றிக்கொண்டு போயிற்று. இப்போது போனால் பார்க்கலாம், மலையடிவாரத்தில் காற்றாலைகள் சுற்றுகின்றன, மாமாவின் பந்தலுக்கு மேலே வெறும் வானம். நறுக்கிய கொடிகளின் அடித்தூரில் துளிர்த்தவற்றை மாமா மறுபடி பந்தலில் ஏற்றிவிட்டார். கத்திரி யாருடையது என்று அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன், ஒருநாளும் சொன்னதில்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு கூடை பழம் வந்துவிடும். "பயப்படாம ஊரு முன்னால உண்மையச் சொன்ன புள்ள" என்று என்னை எல்லோரிடமும் சொல்வார். அதைக் கேட்கிற ஒவ்வொரு தடவையும் எங்காவது ஓடிவிடலாம் போல இருக்கும். அந்த நிறுவனத்தில் எனக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்தது. நான் 'வீ ஆர் கமிங்' என்று சொன்ன அந்த முதல் கூட்டத்தின் வீடியோ அலுவலகத்தில் எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிறது. யாராவது பழைய கோப்புகளைத் துழாவினால் நான் அவர் பக்கத்திலேயே போய் நின்றுகொள்வேன்.

ஆலோசகரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பேச்சுவார்த்தைக்கு இனி அவரை அனுப்பமாட்டார்கள் என்று மேலாளர் சாதாரணமாகச் சொன்னார். நான் வழியனுப்பப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஊருக்குப் போன பிறகு அவர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நீளமாக எழுதியிருந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டாராம், காது முன்பைவிட மோசமாகிவிட்டதாம், புதுக் கருவி மாட்டியிருக்கிறாராம். இதை முன்பே ஒப்புக்கொள்ளாமல் அவ்வளவு பெரிய பொறுப்பில் உட்கார்ந்தது தன்னுடைய கர்வம் என்று எழுதியிருந்தார். 'நீ அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை. உன் சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் உன்னை அப்படி நிற்க வைத்துவிட்டேன். என்னை மன்னிக்க முடியுமா?'

நான் அதை மூன்று நாள் திறந்து திறந்து பார்த்தேன். நான்கைந்து முறை உண்மையை எழுதி அழித்தேன். நான்காம் நாள், பரவாயில்லை, நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. எனக்குப் பெரிய மனது என்று எழுதி, நன்றி சொல்லியிருந்தார்.